கண்மாயா, கோயில்காடா, தைலமரக் காடா? பறவை எண்ணினோம், கணக்கு இடிக்கிறது

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்), டிசம்பர் 29

வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரோடு ஊரைச் சுற்றி மூன்று இடங்களில் பறவை எண்ணினோம்.

ஒன்று, ஊர்க் கண்மாய். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததால் மறுகால் போய்விட்டது. இரண்டாவது, அய்யனார் கோயில்காடு. ஐந்து ஏக்கர் இருக்கும், நடுவில் சின்ன ஊருணி. காய்ந்த சுள்ளிகூட யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது, அதை ஒட்டினாற்போல் இருக்கும் தைலமரக் காடு. கூழ்மரத்துக்காக வைத்தது, சில வருடத்துக்கு ஒரு முறை வெட்டி எடுத்துப்போவார்கள்.

கண்ட இனங்கள்: கண்மாயில் 38, கோயில்காட்டில் 24, தைலமரக் காட்டில் 19.

கிராமசபையில் இதைப் பேசலாம் என்று நினைத்தேன். வீட்டில் நோட்டைப் புரட்டும்போதுதான் உறுத்தியது. கோயில்காட்டுக்கும் தைலமரத்துக்கும் ஐந்துதான் வித்தியாசமா? உள்ளே போய் நின்றால் இரண்டும் இரண்டு உலகம். எண்ணியதில் தப்பா, என் நினைப்பில் தப்பா?

*

கணக்குப்பிள்ளை, டிசம்பர் 29

சார், முதலில் ஒரு கேள்வி. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நேரம் எண்ணினீர்கள்?

*

கண்மாய்க்கரை, டிசம்பர் 29

கண்மாய்க்கு ஆறு ஞாயிறு, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம். கோயில்காட்டுக்கு மூன்று தடவை, முக்கால் மணி நேரம் வீதம். தைலமரக் காட்டில் இரண்டு அரை மணி நேரம். அதற்கு மேல் பிள்ளைகள் நிற்க மாட்டேன் என்றார்கள், பார்க்க ஒன்றும் இல்லையாம்.

*

கணக்குப்பிள்ளை, டிசம்பர் 30

ஆக கண்மாய்க்கு 12 மணி நேரம், கோயில்காட்டுக்கு இரண்டே கால், தைலமரத்துக்கு ஒன்று. இதில் 38, 24, 19 என்று வரிசைப்படுத்தினால், மூன்று பேருக்கு மூன்று வேறு வினாத்தாள் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை ஒப்பிடுவது போல. அதிக நேரம் பார்த்தால் அதிக இனம் வரும். முதல் மணி நேரத்தில் மளமளவென்று ஏறும், அப்புறம் ஏற்றம் குறைந்துகொண்டே போகும். கண்மாய்க் கணக்கு அந்தக் கோட்டின் தட்டையான பகுதிக்கு வந்திருக்கலாம். கோயில்காடு இன்னும் செங்குத்தில் நிற்கிறது.

சமப்படுத்த ஒரு வழி உண்டு. குடவோலை தெரியும்தானே? ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது. கண்மாயில் கண்ட பறவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓலை. கோயில்காட்டில் மொத்தம் 100 பறவைதான் எண்ணினீர்கள் என்றால், கண்மாய்க் குடத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு 100 ஓலை மட்டும் எடுங்கள். அதில் எத்தனை வேறு வேறு பெயர் வருகிறது? பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தால் அதுதான் ஒப்பிடத் தகுந்த எண். 1968இல் சாண்டர்ஸ் என்பவர் கடலடி உயிரினங்களை ஒப்பிட இந்த மாதிரி ஒரு முறையைக் கொண்டுவந்தார். அவர் சூத்திரத்தில் இருந்த பிழையை ஹர்ல்பர்ட் 1971இல் திருத்தினார்.

ஆனால் உங்கள் நோட்டில் இனப் பெயர் மட்டும் இருக்கிறதா, எத்தனை பறவை என்பதும் இருக்கிறதா?

*

கண்மாய்க்கரை, டிசம்பர் 30

கண்மாய்க்கு மட்டும் எண்ணிக்கை இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பெயரோடு சரி. மறுபடி முதலிலிருந்துதான் போல.

*

தும்பித்தாத்தா, டிசம்பர் 30

தம்பி, மறுபடி எண்ணுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, மார்கழிக் காலை. நான் நாற்பது வருடமாக எண்ணுகிறேன், இன்னும் தப்பு செய்கிறேன். சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

தைலமரக் காட்டில் 19 என்றீர்களே, அதில் தலைக்கு மேல் பறந்துபோனவை எத்தனை? பருந்தும் உழவாரக் குருவியும் எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லை, ஆகாயத்துக்குச் சொந்தம். அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், நடந்துகொண்டே எண்ணாதீர்கள். பிள்ளைகள் நடக்கும்போது ஒரே தவிட்டுக்குருவிக் கூட்டம் முன்னால் முன்னால் தத்திப் போகும். ஏழு குருவி இருபத்தெட்டாக ஏறிவிடும். ஓர் இடத்தில் நின்று பத்து நிமிடம், முப்பது மீட்டர் சுற்றுக்குள் தென்படுவதும் காதில் விழுவதும் மட்டும். வந்து நின்றவுடன் எண்ணத் தொடங்காமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், பறவை அடங்கட்டும்.

முக்கியமான ஒன்று. கண்மாயில் பறவை கண்ணுக்குத் தெரியும். கோயில்காட்டில் காதுக்குத்தான் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை குரல் தெரியும்? ஆறுமணிக்குருவி பட்டியலில் இருக்கிறதா?

*

கண்மாய்க்கரை, டிசம்பர் 31

ஐயா, பறந்துபோனவை மூன்று. அப்போ தைலமரம் 16தான். ஆறுமணிக்குருவி இல்லை. அது எங்கள் ஊருக்கு வருமா என்றே தெரியாது.

*

தும்பித்தாத்தா, டிசம்பர் 31

வராமலா? வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு இங்கே இறங்கும். கோயில்காடு மாதிரி நிழலும் சருகும் இருந்தால் போதும், தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டும். ஒன்பது நிறத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டு கண்ணில் படாது. விடியலில் ஒரு தடவை, மாலை மசங்கும் நேரத்தில் ஒரு தடவை இரண்டு சுரச் சீழ்க்கை அடிக்கும். பேரே அதனால்தான். நீங்கள் எட்டு மணிக்குப் போயிருப்பீர்கள்.

*

கண்மாய்க்கரை, டிசம்பர் 31

எட்டரைக்கு.

*

வீரைமரம், ஜனவரி 1

கோயில்காடு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். ஆய்வுப் படிப்புக்காக உங்கள் பக்கத்துக் கோயில்காடுகளில் மரம் எண்ணியிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளில் நடந்து, மண்குதிரைக்குப் பின்னால் நாடா பிடித்து அளந்த காலம்.

பறவையோடு செடிகொடியையும் சேர்த்துப் பாருங்கள் அண்ணா. பிள்ளைகளுக்கு அதுதான் எளிது, பறந்துபோகாது. மரத்துக்குப் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம், புதருக்கு ஐந்துக்கு ஐந்து, புல்பூண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. நான்கு குச்சியும் சணல் கயிறும் போதும். கட்டத்தை எங்கே போடுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கண் தானாகவே "நல்ல" இடத்துக்குப் போகும், நான் முதல் மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன். வரைபடத்தில் எண் போட்டுச் சீட்டுக் குலுக்குங்கள்.

மரத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். கோயில்காட்டில் வீரை, காசா, உலக்கைப் பாலை, வெப்பாலை, உசிலை என்று கலந்து நிற்கும். தைலமரக் காட்டிலும் தேடினால் ஓரத்தில் ஒரு வேம்பு, ஒரு பனை, ஓர் உசிலை கிடைத்துவிடும். இன எண்ணிக்கை மட்டும் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று வரும். கணக்குப்பிள்ளை அதை விளக்கினால் நன்றாக இருக்கும்.

*

கணக்குப்பிள்ளை, ஜனவரி 1

விளக்குகிறேன். ஒரு பேச்சுக்கு, இரண்டு இடத்திலும் நூறு நூறு மரம், ஐந்து ஐந்து இனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் ஒவ்வொன்றும் 20. இரண்டாம் இடத்தில் தைலம் 96, மற்ற நான்கும் ஆளுக்கு ஒன்று. பட்டியலில் இரண்டுமே 5. ஆனால் இரண்டாம் காட்டில் கண்ணைக் கட்டிவிட்டு நூறு தடவை மரத்தைத் தொட்டால் தொண்ணூற்றாறு தடவை தைலம்தான்.

இதைப் பிடிக்கத்தான் ஷானன் குறியீடு. 1948இல் கிளாட் ஷானன் செய்தித் தொடர்புக்காகப் போட்ட கணக்கைச் சூழலியலில் இரவல் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிக் குறியை மாற்ற வேண்டும். முதல் காட்டுக்கு 1.61, இரண்டாம் காட்டுக்கு 0.22.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள். ஷானன் மதிப்பு 2 என்பது 1ஐப் போல இரண்டு மடங்கு பன்மை இல்லை. அது மடக்கையில் இருக்கிறது, எதிர்மடக்கை எடுத்துத் திருப்ப வேண்டும். திருப்பினால் 2 என்பது 7.4 இனத்துக்குச் சமம், 1 என்பது 2.7 இனத்துக்குச் சமம். நம் உதாரணத்தில் முதல் காடு 5 இனத்துக்கே சமம், இரண்டாம் காடு 1.25. பெயருக்கு ஐந்து, நடப்பில் ஒன்றே கால்!

1949இல் சிம்சன் சொன்ன வழி இன்னும் எளிது. கண்ணை மூடி இரண்டு மரத்தைத் தொட்டால் இரண்டும் ஒரே இனமாக இருக்க வாய்ப்பு என்ன? பங்குகளை வர்க்கமாக்கிக் கூட்டினால் அது வரும். அதைத் தலைகீழாக்கினால் மறுபடி "எத்தனை இனத்துக்குச் சமம்" கிடைக்கும். இரண்டாம் காட்டுக்கு 1.08. சிம்சன் பெரும்பான்மையைப் பார்க்கிறது, வெறும் பட்டியல் அபூர்வத்தைப் பார்க்கிறது, ஷானன் நடுவில். மூன்றும் ஒரே குடும்பம் என்று 1973இல் மார்க் ஹில் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். மூன்றையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் யாராவது ஏமாறுவார்கள், பெரும்பாலும் போட்டவரே.

*

வெள்ளாற்றுவாசி, ஜனவரி 2

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தைலமரம் கெடுதல் என்று எங்கள் ஊர் ஆயாவுக்கே தெரியும். இதற்கு மடக்கை எதற்கு? எண்ணி முடிப்பதற்குள் கிணறு வற்றிவிடும்.

*

வீரைமரம், ஜனவரி 2

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆயாவின் பேச்சை மனுவில் எழுதினால் "அபிப்பிராயம்" என்று ஓரமாக வைப்பார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, ஆயாவுக்கே தெரியாததும் இருக்கும். நான் கட்டம் போட்ட ஒரு காட்டில் அடர்த்தியான நடுப்பகுதியைவிட மாடு மேயும் ஓரத்தில்தான் புல்பூண்டு இனம் அதிகம் வந்தது. ஓரத்தில் வெயில் விழும், களை எல்லாம் வந்து சேரும். எண்ணாமல் இருந்திருந்தால் நடுதான் எல்லாவற்றிலும் பெரிது என்று எழுதியிருப்பேன். ஆனால் அந்த ஓரத்துச் செடி எந்தச் சாலையோரத்திலும் கிடைக்கும், நடுவில் இருப்பது வேறெங்கும் கிடைக்காது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம்.

அண்ணா, காலத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்த கையோடு ஒன்றுக்கொன்று கட்டத்தில் குனிந்தால் எண்ணி மாளாது, சித்திரையில் அதே இடம் வெறும் மண். மூன்று இடத்தையும் ஒரே மாதத்தில் முடியுங்கள்.

*

பினாங்குக்காரன், ஜனவரி 3

வாசித்துக்கொண்டே வந்தேன், எங்கள் நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. கார்பெட் என்று ஒருவர், புலி வேட்டைக்காரர் இல்லை, இவர் வேறு. பிரிட்டிஷ் காலத்து மலாயாவில் இரண்டு வருடம் வண்ணத்துப்பூச்சி பிடித்தார். ஒரே ஒரு தடவை சிக்கிய இனங்கள் 118, இரண்டு தடவை சிக்கியவை 74, மூன்று தடவை 44 என்று பட்டியல் போட்டார். அப்புறம் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரிடம் கேட்டார்: இன்னும் இரண்டு வருடம் பிடித்தால் புதிதாக எத்தனை இனம் வரும்?

பார்க்காததை எப்படி எண்ணுவது? ஃபிஷர் பதில் சொன்னார், சுமார் 75. ஒன்று விட்டு ஒன்று கழித்துக் கூட்டினாலே போதும்: 118 கழித்தல் 74, கூட்டல் 44, கழித்தல் 24 என்று போகும். 1943இல் கார்பெட், ஃபிஷர், அந்துப்பூச்சி எண்ணிய வில்லியம்ஸ் மூவரும் சேர்ந்து இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

சார் கோயில்காட்டில் ஒரே தடவை கண்ட பறவை எத்தனை என்று குறித்துவையுங்கள். அதில்தான் சங்கதி இருக்கிறது.

*

கணக்குப்பிள்ளை, ஜனவரி 3

அருமை அண்ணே. அதே யோசனையில் 1984இல் தைவானைச் சேர்ந்த ஆன் சாவ் கையடக்கமான ஒன்றைக் கொடுத்தார். ஒரே ஒரு பறவையாகக் கண்ட இனங்களின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, இரண்டே பறவை கண்ட இனங்களின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். வருவது குறைந்தபட்சம் இன்னும் கண்ணில் படாமல் இருக்கும் இனங்கள். பிள்ளைகள் தாளிலேயே போடலாம்.

*

கண்மாய்க்கரை, பிப்ரவரி 9

ஒரு மாதம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். பொங்கல், அப்புறம் திருப்புதல் தேர்வு. எண்ணி முடித்துவிட்டோம்.

ஒவ்வோர் இடத்திலும் நான்கு புள்ளி, புள்ளிக்குப் பத்து நிமிடம், நான்கு காலை. ஆக இடத்துக்கு 16 எண்ணல், 160 நிமிடம். ஆறேகாலுக்கு ஆரம்பித்தோம். எந்த இடம் முதலில் என்பதைச் சுழற்சியாக மாற்றிக்கொண்டோம்.

கண்மாய்: 31 இனம், 640 பறவை. அதில் நாமக்கோழி மட்டும் 320, தகைவிலான் 128.
கோயில்காடு: 27 இனம், 180 பறவை.
தைலமரம்: 13 இனம், 58 பறவை.

கோயில்காட்டில் ஒற்றைப் பறவையாகக் கண்டவை 8 இனம், இரண்டாகக் கண்டவை 4. 64ஐ 8ஆல் வகுத்தால் 8. குறைந்தது 35 இனம் இருக்க வேண்டும். தைலமரத்தில் அப்படிப் போட்டால் 14.5 வருகிறது, அதாவது அங்கே இருப்பதை ஏறக்குறைய பார்த்தாயிற்று. கண்மாய்க்கு 33.

இதுவரை மனசுக்கு ஒத்துவந்தது. ஆறுமணிக்குருவியும் கிடைத்தது! மூன்றாம் நாள் விடியலில் மண்குதிரை வரிசைக்குப் பின்னால் இரண்டு சீழ்க்கை. அடுத்த புள்ளிக்கு நடக்கத் தொடங்கிய பையன் அப்படியே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

ஆனால் சிம்சன் போட்டதும் தலை சுற்றியது. கோயில்காடு 11, தைலமரம் 7, கண்மாய் 3.3. தைலமரக் காடு கண்மாயைவிட இரண்டு மடங்கு பன்மையா? இதைக் கிராமசபையில் சொன்னால் என்னைக் கண்மாயில் தள்ளிவிடுவார்கள்.

*

வெள்ளாற்றுவாசி, பிப்ரவரி 9

நான் அன்றே சொன்னேன்.

*

கணக்குப்பிள்ளை, பிப்ரவரி 9

பதறாதீர்கள். கணக்கு சரி, கேள்விதான் இடம் மாறிவிட்டது. கண்மாயில் சரிபாதி நாமக்கோழி, ஐந்தில் ஒரு பங்கு தகைவிலான். சிம்சனுக்கு அந்த இரண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நாமக்கோழி கூட்டமாக மிதக்கிற பறவை. எண்பது நாமக்கோழி என்பது எண்பது தனித்தனிச் சாட்சி இல்லை, ஒரே கூட்டம். போதாததற்கு நான்கு காலையும் அதே கூட்டத்தையே எண்ணியிருக்கிறீர்கள்.

அதனால் தலையை எண்ணாமல் வருகையை எண்ணிப் பாருங்கள். 16 எண்ணலில் எத்தனையில் நாமக்கோழி இருந்தது? எல்லாவற்றிலும் இருந்தாலும் 16தான், 320 இல்லை. அதை வைத்துச் சிம்சன் போடுங்கள்.

*

கண்மாய்க்கரை, பிப்ரவரி 10

போட்டேன். கண்மாய் 20, கோயில்காடு 17, தைலமரம் 9. இப்போது வரிசை மறுபடி மாறிவிட்டது. கேட்கிறவர்கள் "உனக்கு வேண்டியது வரும்வரை போடுகிறாய்" என்று சொல்ல மாட்டார்களா?

*

கணக்குப்பிள்ளை, பிப்ரவரி 10

சொல்வார்கள், சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் காட்டுங்கள், ஏன் மாறியது என்பதையும் சொல்லுங்கள். எந்தக் குறியீடு என்பதை எண்ணப் போவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதை நான் முதலிலேயே சொல்லாதது என் தப்பு.

*

வீரைமரம், பிப்ரவரி 10

வரிசைப்படுத்துவதைக் கொஞ்சம் விடுங்கள் அண்ணா. மூன்று இடத்திலும் பொதுவான பறவை எத்தனை? பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

*

கண்மாய்க்கரை, பிப்ரவரி 11

பார்த்தேன். கண்மாய்க்கும் கோயில்காட்டுக்கும் பொது 8. தைலமரத்தின் 13இல் 12 கோயில்காட்டிலும் இருக்கின்றன: தவிட்டுக்குருவி, கரிச்சான், வால்காக்கை, செம்போத்து, தேன்சிட்டு இந்த மாதிரி. மிச்சம் ஒன்று பஞ்சுருட்டான். அது கண்மாய்க் கரைக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. தைலமரத்தில் மட்டும் என்று ஒன்றுகூட இல்லை.

*

வீரைமரம், பிப்ரவரி 11

அதுதான்! எந்தக் குறியீட்டை மாற்றினாலும் இது மாறவில்லை பாருங்கள்.

இதற்கும் கணக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் மலைச் செடிகளை ஒப்பிட்ட பால் ஜக்கார் நூறு வருடத்துக்கு முன்பே சொன்னது: பொதுவானதை, இரண்டிலும் சேர்ந்த மொத்தத்தால் வகு. கண்மாய்க்கும் கோயில்காட்டுக்கும் 8ஐ 50ஆல் வகுத்தால் 0.16, அதாவது சம்பந்தமே இல்லாத இரண்டு வீடு. கோயில்காட்டுக்கும் தைலமரத்துக்கும் 12ஐ 28ஆல் வகுத்தால் 0.43. இது பாதி ஒற்றுமை மாதிரி தெரியும், ஆனால் இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இல்லை. தைலமரத்தில் இருப்பது கோயில்காட்டின் ஒரு துண்டு.

இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். 1960இல் ராபர்ட் விட்டேக்கர் அமெரிக்காவின் சிஸ்கியூ மலைகளில் செடிகளை ஆராய்ந்தபோது மூன்று அடுக்காகப் பிரித்தார்: ஓர் இடத்துக்குள் உள்ளது ஆல்ஃபா, இடத்துக்கு இடம் மாறுவது பீட்டா, வட்டாரம் முழுவதும் சேர்ந்தது காமா. உங்கள் ஊரில் மொத்தம் 50 இனம். மூன்று இடத்தின் சராசரி 23.7. வகுத்தால் 2.1. மூன்று இடமும் ஒன்றுக்கொன்று முழுக்க வேறாக இருந்திருந்தால் 3 வந்திருக்கும், மூன்றும் ஒன்றே என்றால் 1. உங்களுக்கு வருவது இரண்டு. மூன்று இடத்தில் எண்ணினீர்கள், ஊரில் இருப்பதோ இரண்டு இடம்தான்.

*

வெள்ளாற்றுவாசி, பிப்ரவரி 11

அந்தக் கடைசி வரியைக் கிராமசபையில் சொல்லுங்கள் சார். மடக்கை எல்லாம் வேண்டாம்.

*

தும்பித்தாத்தா, பிப்ரவரி 12

கோயில்காட்டில் ஒளிந்திருக்கும் அந்த எட்டையும் விடாதீர்கள். பங்குனியில் வலசைப் பறவை கிளம்புவதற்கு முன் ஒரு தடவை போய்வாருங்கள். முடிந்தால் அதே நாள் பத்து மணி வெயிலில் ஊருணியில் தட்டான் எண்ணுங்கள். தட்டானுக்கு விடியலில் போனால் ஒன்றும் பறக்காது, பறவைக்கு நேர் எதிர்.

*

கண்மாய்க்கரை, பிப்ரவரி 16

ஐயா, இன்று போனோம். ஒரு சந்தேகம். கோயில்காட்டில் இரண்டாம் புள்ளியில் நிற்கும்போது கானாங்கோழி விடாமல் கத்தியது. இதுவரை அது கண்மாய்ப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. சேர்த்தால் பொது 8 என்பது 9 ஆகும். பிள்ளைகளுக்குள் சண்டை: நீர்ப்பறவை காட்டில் சேராது என்று ஒரு கட்சி, கேட்டது கேட்டதுதான் என்று இன்னொரு கட்சி.

*

தும்பித்தாத்தா, பிப்ரவரி 16

அது நீர்ப்பறவையா காட்டுப்பறவையா என்பது அதற்கே தெரியாது. ஊருணி ஓரத்துப் புதர் கோயில்காட்டுக்குள்தானே இருக்கிறது? எங்கிருந்து கத்தியது, அதைச் சொல்லுங்கள்.

*

கண்மாய்க்கரை, பிப்ரவரி 16

ஊருணிக்கு அந்தப் பக்கத் தாழம்புதரிலிருந்து. இரண்டு பேரை விட்டு நாடா பிடிக்கச் சொன்னேன். புள்ளியிலிருந்து 34 மீட்டர்.

*

தும்பித்தாத்தா, பிப்ரவரி 16

அப்போ கணக்கில் சேராது. தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

*

கண்மாய்க்கரை, பிப்ரவரி 16

இரண்டாவது கட்சிக்காரன் நாடாவை மறுபடி பிடிக்க வேண்டும் என்கிறான்.